கழட்ட முடியாத ஷூ

போன ஐப்பசியில் ஒரு ராத்திரி என் அக்கா மகன் போனுக்கு ஒரு படம் அனுப்பியிருந்தான். சைக்கிள் ஓட்டுகிறவர்கள் குளிர்காலத்தில் போடும் ஷூ. கணுக்கால் வரை உயரம், உள்ளே கம்பளி போல மெத்து, வெளியே தண்ணீர் இறங்காத துணி. விலை பன்னிரண்டாயிரத்துச் சொச்சம். கீழே ஒரே வரி: “மாமா, இந்த மாதிரி நம்ம வெலைக்கு ஏதாச்சும் கெடைக்குமுங்களா?”

அவனுக்குப் பத்தொன்பது வயது. உடுமலையில் கல்லூரியில் படிக்கிறான். 2009இல் வந்த மூன்று சதவீத அருந்ததியர் உள் ஒதுக்கீட்டில் கிடைத்த சீட்டு. விடியற்காலையில் அமராவதி நகரிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் சைக்கிளில் பேப்பர் போடுகிறான். அவன் அம்மா, என் அக்கா, பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. வேன் வரும் நேரத்துக்கு அவள் கிளம்ப வேண்டும், பேப்பர் கட்டு வரும் நேரத்துக்கு அவன். ஒரே விளக்கு வெளிச்சத்தில் இரண்டு பேரும் கிளம்புவார்கள்.

திருப்பூர் மாவட்டத்தில் குளிரா என்று வெளியூர்த் தோழர்கள் சிரிக்கலாம். அமராவதி நகர் ஆனைமலை அடிவாரத்தில், அணைக்கு ஒட்டினாற்போல இருக்கிறது. ஒரு பக்கம் தேங்கிய தண்ணீர், இன்னொரு பக்கம் கல்லாபுரம் நெல் வயல்கள். ஐப்பசி, கார்த்திகையில் மழை. மார்கழி, தையில் மலையிலிருந்து இறங்கும் காற்றும் பனியும். பனி கொட்டாத இடத்தில் குளிர் என்றால் அது ஈரம்தான். ரப்பர் செருப்போடு இரண்டு மணி நேரம் பெடல் மிதித்தால் விரல் மரத்துப்போகும். போன வருசம் அவனுக்கு விரலிடுக்கெல்லாம் சேற்றுப்புண். வகுப்பில் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தானாம், எரிச்சல் தாங்காமல்.

ஆக, ஷூ பற்றித்தான் முதலில் எழுதப் போகிறேன். நம் பையன்கள், பெண்கள் நிறையப் பேர் சைக்கிளில்தான் வேலைக்கும் படிப்புக்கும் போகிறீர்கள். இதை நமக்கு யாரும் எழுதித் தருவதில்லை.

நான் ஒரு வாரம் விசாரித்தேன். சைக்கிள் கிளப் வைத்திருக்கும் கோவை நண்பர் ஒருவர் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். முதல் பாடம்: கால் குளிர்வதற்குப் பெரிய காரணம் இறுக்கமான ஷூ. விரலுக்கு ரத்தம் ஓடாவிட்டால் எவ்வளவு தடித்த ஷூவும் சூடு தராது. அதனால் எந்தச் சாக்ஸ் போட்டு ஓட்டப் போகிறோமோ அதைப் போட்டுக்கொண்டு, கால் கொஞ்சம் வீங்கியிருக்கும் சாயங்கால நேரத்தில் போய் அளவு பார்க்க வேண்டும். உள்ளே விரலை மடக்கி நீட்ட இடம் இருக்க வேண்டும்.

இரண்டாவது: தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தெரிய வேண்டும். வானத்திலிருந்து விழுவதைவிட முன் சக்கரம் வாரி அடிப்பது அதிகம். முன் மட்கார்டின் அடியில் பழைய டியூபையோ ரப்பர் ஷீட்டையோ வெட்டி, தரையிலிருந்து நாலு விரல் உயரம் வரை தொங்கவிட்டால் பாதி ஈரம் அங்கேயே நின்றுவிடும். செலவு முப்பது ரூபாய். அடுத்த வழி, பேண்ட்டில் வடிந்து கணுக்கால் வழியாக உள்ளே இறங்குவது. பேண்ட்டை ஷூவுக்குள் செருகினால் தண்ணீருக்கு நாமே வாய்க்கால் வெட்டிக் கொடுத்த மாதிரி. மழையில் பேண்ட் ஷூவுக்கு மேலேதான் விழ வேண்டும். வலது காலில் மட்டும் செயினில் மாட்டாமல் ஒரு ரப்பர் பேண்டு. மூன்றாவது வழி ஷூவின் நாக்கு. நாக்கு இரண்டு பக்கமும் உடலோடு சேர்த்துத் தைத்திருக்கிறதா என்று விரல் விட்டுப் பாருங்கள். தனியாகத் தொங்கினால் அந்த இடைவெளியில் தண்ணீர் புகும்.

மூன்றாவது: காற்று போக வலை வைத்த விளையாட்டு ஷூவும் கேன்வாஸ் ஷூவும் மழைக்கு ஆகாது. கம்பூட்டுக்குள் ஒரு தடவை தண்ணீர் இறங்கினால் செம்பு மாதிரி பிடித்து வைத்துக்கொள்ளும், கணுக்காலும் மடங்காது. பெடலில் மாட்டிக்கொள்ளும் பந்தய ஷூக்களின் அடியில் இரும்புத் துண்டு பதிக்க ஓட்டை இருக்கும். அது வழியாகக் குளிரும் ஈரமும் ஏறும். வீட்டுக்கு வீடு இறங்கி ஏறுகிறவனுக்கு அது தேவையே இல்லை. கோர்-டெக்ஸ் போன்ற சவ்வு வைத்தவை வெளித் தண்ணீரை விடாமல் உள் வியர்வையை ஆவியாக விடும் என்பது உண்மைதான். ஆனால் நம் ஊரில் காலை எட்டு மணிக்கே வெயில் ஏறிவிடும். அத்தனை விலைக்கு நமக்கு அதில் பலன் குறைவு. வலை இல்லாத தோல் அல்லது செயற்கைத் தோல், கணுக்காலை மூடும் உயரம், ஈரப் பெடலில் வழுக்காத கட்டையான ரப்பர் அடி. இது போதும்.

நாலாவது சாக்ஸ். பனியன் ஊரில் இருந்துகொண்டு சொல்கிறேன், பருத்திச் சாக்ஸ் நனைந்தால் ஈரத்தைப் பிடித்துக்கொண்டு காலோடு ஒட்டிக் கிடக்கும். கம்பளி கலந்தது நனைந்தாலும் ஓரளவு சூடு தரும். பாலியஸ்டர் சீக்கிரம் காயும். ஒரு ஜோடியைப் பையில் வைத்திருந்து வேலை முடிந்ததும் மாற்றிக்கொள்ளுங்கள். நனைந்த ஷூவை அடுப்போரம் வைக்காதீர்கள், தோல் வெடிக்கும், ஒட்டு விட்டுப்போகும். உள்ளே பழைய பேப்பரையோ பனியன் வேஸ்ட்டையோ திணித்து வையுங்கள். ஒரு மணி நேரம் கழித்து மாற்றித் திணியுங்கள். காலையில் காய்ந்திருக்கும்.

இவ்வளவையும் மனசில் வைத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவனை உடுமலைக் கடைக்குக் கூட்டிப் போனேன். அவன் சேர்த்து வைத்திருந்தது இரண்டாயிரம்.

முதலில் எனக்குப் பிடித்தது ஒரு செயற்கைத் தோல் ஷூ. லேஸ் இல்லை, பக்கவாட்டில் ஜிப். இறங்கி ஏறுகிறவனுக்கு வசதி, செயினில் லேஸ் மாட்டும் தொல்லை இல்லை. விலையும் கம்மி. அவன் போட்டுப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றான். அடுத்ததாக ஒட்டுப்பட்டை வைத்த ஒன்று. அதையும் வேண்டாம் என்றான். கடைசியில் அவன் கை வைத்தது எட்டு ஜோடி ஓட்டை, நீள லேஸ், கணுக்காலுக்கு மேலே கட்டுகிற கறுப்பு பூட்ஸ். கட்ட ஐந்து நிமிசம், கழற்ற ஐந்து நிமிசம்.

“என்றா மாப்ள, இதைக் கட்டி முடிக்கறதுக்குள்ள பேப்பர்க் கட்டு வந்துருமே?”

அவன் கடைக்காரரைப் பார்த்தான். அவர் அந்தப் பக்கம் போகும் வரை காத்திருந்தான். பிறகு மெதுவாகச் சொன்னான்:

“சட்டுனு கழட்ட முடியாத ஷூதானுங் மாமா வேணும்.”

எனக்கு உடனே புரிந்துவிட்டது. புரியாமல் இருந்திருக்கலாம்.

அவன் பேப்பர் போடும் ஊர்களில் ஒன்றில் ஒரு தெரு இருக்கிறது. ஊர்ப் பெயர் இங்கே வேண்டாம். அந்தத் தெரு முனை வந்ததும் அவன் சைக்கிளை விட்டு இறங்குவான். செருப்பைக் கழற்றிப் பேப்பர்ப் பைக்குள் போடுவான். சைக்கிளைத் தள்ளிக்கொண்டே பதினாலு வீட்டுக்குப் பேப்பர் போட்டுவிட்டு, மறுமுனையில் செருப்பைப் போட்டுக்கொண்டு ஏறுவான். யாரும் அவனிடம் கழற்றச் சொன்னதில்லை. அவனுக்கு முன்னால் பால் ஊற்றப் போனவர் கழற்றினார், அதற்கு முன்னால் சாணி அள்ளப் போனவர்கள் கழற்றினார்கள். அதனால் இவனும் கழற்றினான். சேற்றுப்புண் வந்த காலோடு அந்த ஈரத் தெருவில் வெறுங்காலில் நடந்திருக்கிறான். ஒரு வருசம் என்னிடம் சொல்லவே இல்லை.

அவனை நான் திட்ட முடியாது. காரணத்தைச் சொல்கிறேன்.

2001-02இல் தமிழ்நாடு அரசு பட்டியல் சாதி, பழங்குடி மாணவிகளுக்கு மேல்நிலைப் பள்ளியில் விலையில்லா சைக்கிள் கொடுக்கத் தொடங்கியது. அப்போது என் அக்கா பதினொன்றாம் வகுப்பு. எங்க வளவுக்குள் முதலில் வந்த புதுச் சைக்கிள் அவளுடையது. பள்ளிக்கூடத்துக்குப் போக ஊர்த்தெரு வழியாகப் போனால் பாதித் தூரம் மிச்சம். ஆனால் அங்கே இறங்கித் தள்ள வேண்டும், செருப்பைக் கையில் பிடிக்க வேண்டும். அவள் சுற்று வழியிலேயே இரண்டு வருசம் மிதித்தாள். பிறகு அந்தச் சைக்கிள் எனக்கு வந்தது. எனக்கு அவ்வளவு பொறுமை இல்லை, நேர் வழியில் போனேன். தெரு முனையில் இறங்கினேன், செருப்பைக் கழற்றி ஹேண்டில் பாரில் மாட்டினேன், தள்ளிக்கொண்டு போனேன். இன்றைக்குக் கூட்டங்களில் மைக் பிடித்துப் பேசுகிற நான்தான் அது. அரசு சைக்கிள் கொடுத்தது. அதை ஓட்டுவதற்கான தெருவை ஊர் கொடுக்கவில்லை. இரண்டு தலைமுறையாக அதே இறக்கம்.

தோழர்களே, இதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1930 டிசம்பரில் ராமநாதபுரம் பகுதியில் ஆதிக்க சாதியினர் ஆதிதிராவிடர்கள்மீது எட்டுத் தடைகள் போட்டார்கள். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஜே.எச். ஹட்டன் அதைப் பதிவு செய்து வைத்திருக்கிறார். தங்கம், வெள்ளி நகை கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழே வேட்டி கட்டக்கூடாது. சட்டை, கோட்டு, பனியன் போடக்கூடாது. வெயிலுக்கும் மழைக்கும் குடை பிடிக்கக்கூடாது, செருப்புப் போடக்கூடாது. மீறிய இடங்களில் குடிசைகளைக் கொளுத்தினார்கள், ஆடுமாடுகளைக் கொள்ளையடித்தார்கள். அந்தப் பட்டியலில் பனியனும் இருக்கிறது என்பதைப் பனியன் கம்பெனியில் வேலை செய்கிறவர்கள் ஒரு நிமிசம் யோசித்துப் பாருங்கள். குளிரும் மழையும் எல்லார் உடம்பிலும் ஒரே மாதிரிதான் விழுகின்றன. அவற்றிலிருந்து ஒதுங்கிக்கொள்ளும் உரிமையைத்தான் சாதி பங்கு போட்டது.

எங்க குடும்பத்துக்கு இது இன்னும் கசப்பு. எங்க தாத்தா தோல் வேலைக்காரர். ஆவாரம்பட்டையில் பதப்படுத்திய தோலில் கவலைக் கிணறுகளுக்குச் சால் தைத்தவர். கிணற்றிலிருந்து மாடு இழுத்து மேலே வரும் வரை சொட்டுத் தண்ணீர் ஒழுகாமல் பிடிக்கிற சால். கொங்கு நாட்டுத் தோட்டங்கள் பம்பு செட் வரும் வரை அந்தத் தையலில்தான் விளைந்தன. தண்ணீரை நிறுத்துகிற தோலை ஊருக்கெல்லாம் தைத்துக் கொடுத்தவருக்கு ஊர்த்தெருவில் செருப்புப் போட உரிமை இல்லை. அவர் தைத்த செருப்பு அந்தத் தெருவில் நடந்தது, அவர் கால் நடக்கவில்லை.

பழங்கதை என்று யாராவது சொன்னால் ராஜாவூரைச் சொல்லுங்கள். எங்களுக்குப் பக்கத்து மடத்துக்குளம் வட்டம்தான். அங்கே கம்பள நாயக்கன் தெரு என்று ஏறத்தாழ 300 மீட்டர் நீளத் தெரு. தலித் மக்கள் அதில் செருப்போடு நடக்கக்கூடாது. தீண்டாமை குற்றம் என்று சட்டம் வந்த பிறகு ஒரு கதை கட்டிவிட்டார்கள்: தெருவுக்கு அடியில் மந்திரித்த பொம்மை புதைத்திருக்கிறது, செருப்போடு மிதிக்கிற தாழ்த்தப்பட்டவர் மூன்று மாதத்தில் செத்துப்போவார் என்று. அந்தப் பயம் தலைமுறை தலைமுறையாக வேலை செய்தது. 2023 டிசம்பரில் அறுபது பேர், தீண்டாமை ஒழிப்பு முன்னணித் தோழர்களோடு, செருப்புப் போட்டுக்கொண்டு அந்தத் தெருவில் நடந்தார்கள். அதுவரை நுழைய விடாத ராஜகாளியம்மன் கோயிலுக்குள்ளும் போனார்கள். சந்திரயான் நிலாவில் இறங்கிய அதே வருசம் நடந்த சங்கதி இது.

சட்டம் என்ன சொல்கிறது என்று நம் பிள்ளைகள் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015இல் திருத்தம் செய்து, 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். அதில் 3(1)(இசட் ஏ) பிரிவின் (பி) உட்பிரிவைப் படியுங்கள். பொது இடத்தில் பட்டியல் சாதியினர் சைக்கிளிலோ மோட்டார் சைக்கிளிலோ ஏறுவதை, ஓட்டுவதை, காலணி போடுவதை, புதுத் துணி உடுத்துவதைத் தடுப்பது குற்றம். ஆறு மாதம் முதல் ஐந்து வருசம் வரை சிறை, அபராதமும் உண்டு. சைக்கிளும் செருப்பும் ஒரே வரியில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. நாடாளுமன்றம் சும்மா எழுதவில்லை. இந்த இரண்டையும் எத்தனை தெருவில் நிறுத்தியிருந்தால் அந்த வரி தேவைப்பட்டிருக்கும்?

ஆனால் சட்டத்துக்குத் தடுக்கிறவன் ஒருத்தன் வேண்டும். அக்கா மகனை யாரும் தடுக்கவில்லை. அவன் கையே அவன் செருப்பைக் கழற்றியது. எழுதாத சட்டத்தின் கெட்டிக்காரத்தனம் அதுதான். குற்றவாளி இல்லாமலே குற்றம் நடந்துகொண்டிருக்கும். அதனால்தான் அவனுக்கு அந்த நீள லேஸ். சொல்லாததை வாய் திறந்து சொல்ல வைக்க வேண்டும், அல்லது விட்டுவிட வைக்க வேண்டும். கடையில் எனக்கு முன்னால் அவன் அதை யோசித்திருக்கிறான். நான் சூட்டையும் ஈரத்தையும் அளந்துகொண்டிருந்தேன்.

பூட்ஸ் ஆயிரத்து எண்ணூற்று ஐம்பது. வீட்டுக்குக் கொண்டு வந்ததும் எங்கய்யன் வாங்கிப் பார்த்தார். எழுபது தாண்டியவர். சின்ன வயசில் தாத்தாவோடு உட்கார்ந்து சால் தைத்த கை. தையல் வழியாக விரலை ஓட்டினார். பிறகு ஒன்றும் பேசாமல் எழுந்துபோய் ஒரு செம்புத் தண்ணீரைக் கொண்டு வந்து புதுப் பூட்ஸுக்குள் ஊற்றினார்!

“தாத்தா!” என்று அவன் கத்தினான்.

“கத்தாத. சால் தச்சா மொத வேல இதுதான். ஒழுகறதத் தோட்டத்துல போயா பாப்பாங்க?”

பூட்ஸைத் தூக்கிப் பிடித்தார். நாக்கு தைத்த இடத்தில் இரண்டு பக்கமும் சொட்டியது. அடிப்பாகத்தில் ஒரு சொட்டு இல்லை. தண்ணீரைக் கொட்டி, பழைய பேப்பர் திணித்து இரண்டு நாள் நிழலில் காய வைத்தார். பிறகு தேன்மெழுகை உருக்கிக் கொஞ்சம் விளக்கெண்ணெய் கலந்து தையல் மேலெல்லாம் தேய்த்துத் துணியால் அழுத்தினார். மறுபடி தண்ணீர். சொட்டவில்லை. உள்ளே கம்பளித் துண்டு வெட்டி அடியட்டையாகப் போட்டார்.

கொடுக்கும்போது கேட்டார்: “அந்தத் தெருவுலயும் போட்டுக்கிட்டுத்தான் போவியா?”

“ஆமாங் தாத்தா.”

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. “ஒத்தையாப் போகாத,” என்றார். அவ்வளவுதான்.

ஒற்றையாகப் போகவில்லை. இதைத்தான் உங்களிடம் அழுத்திச் சொல்ல வேண்டும். வீரம் காட்டத் தனியாகக் கிளம்பாதீர்கள். கார்த்திகை முடிந்து மார்கழி பிறந்த முதல் வாரம், வகுப்பு நண்பர்கள் நாலு பேர் அவனோடு சைக்கிளில் வந்தார்கள். அதில் இருவர் வேறு சாதிப் பிள்ளைகள். நான் தெரு முனையில் நின்றேன். வக்கீல் தோழருக்கு முன்கூட்டியே சொல்லியிருந்தோம். யாராவது தடுத்தால் வாக்குவாதம் வேண்டாம், என்ன சொன்னார் என்பதை அதே வார்த்தையில், நேரம் போட்டு எழுதிக்கொள்ள வேண்டும் என்று பேசி வைத்திருந்தோம். இந்தச் சட்டத்தில் முதல் தகவல் அறிக்கை போட முன்விசாரணை தேவையில்லை என்று 2018 திருத்தம் சொல்கிறது. டி.எஸ்.பி. நிலைக்குக் குறையாத அதிகாரிதான் விசாரிக்க வேண்டும். இது தெரிந்திருந்தால் “போய்ட்டு நாளைக்கு வாப்பா” என்கிற பதிலுக்கு நீங்கள் திரும்பி வர மாட்டீர்கள்.

ஐந்து மணிக்குப் பனி நல்லா இறங்கியிருந்தது. சைக்கிள் விளக்குகள் மட்டும்தான் தெரிந்தன. அவன் இறங்கவில்லை. பெடல் மிதித்துக்கொண்டே போனான். ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்த பெரியவர் காலைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், மறுபடி காலைப் பார்த்தார். கையை நீட்டிப் பேப்பரை வாங்கிக்கொண்டார். கோலம் போட்டுக்கொண்டிருந்த ஓர் அம்மா நகர்ந்து வழி விட்டார். வேறொன்றும் நடக்கவில்லை. பதினாலு வீடு, மூன்று நிமிசம். நான் இருபது வருசமாகக் கடக்காத தெரு.

அடுத்த மாதம் அந்தத் தெருவில் மூன்று வீடு பேப்பரை நிறுத்திவிட்டார்கள். காரணம் சொல்லவில்லை. அவனுக்கு மாதக் கூலியில் அந்த அளவு குறைந்தது. மீதிப் பதினொரு வீடு தொடர்கிறது. இதைத் தோல்வி என்றும் எழுத மாட்டேன், வெற்றி என்றும் எழுத மாட்டேன். கணக்கு இதுதான்.

தை மாதம் ஒரு காலையில் அவன் வீட்டுக்குப் போனேன். அப்போதுதான் வேலை முடித்து வந்து வாசல்படியில் உட்கார்ந்து லேஸை அவிழ்த்துக்கொண்டிருந்தான். எட்டு ஜோடி ஓட்டை, நிதானமாக. பூட்ஸின் வெளியே சேறும் பனியும். சாக்ஸைக் கழற்றிக் காலை என் பக்கம் நீட்டினான். விரலிடுக்கில் புண் ஆறித் தோல் கட்டியிருந்தது.

“தொட்டுப் பாருங் மாமா. காஞ்சிருக்குது.”

தொட்டுப் பார்த்தேன். சூடாகவும் இருந்தது.